முன் அச்சு தலைவருக்கு, பின் அச்சு துணைத்தலைவருக்கு

குலசேகரத்தின் கார் நல்ல கார். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் வரும் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

சிவப்பு நிறம், இரண்டே கதவுகள், நீளமான மூக்கு. ஈப்போவில் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய செலிக்கா, ஸ்போர்ட்ஸ் கார். சனி ஞாயிறில் மட்டும் துடைத்து வெளியே எடுக்கும் கார் அல்ல. குலசேகரம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளன். அவன் மனைவி புஷ்பராணி அதே ஊரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டிலிருந்து இருவரும் தினமும் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போய்த் தாண்டி வரவேண்டும். வெயிலோ மழையோ, அந்தக் கார்தான்.

தொல்லை காரில் இல்லை, காருக்குக் கீழே இருந்தது.

ஒரு கார் குழியில் இறங்கும்போது அந்த அடி மனிதனிடம் வந்து சேருமுன் நாலு காவல்காரர்களைத் தாண்டி வரவேண்டும். முதல் காவல்காரன் டயருக்குள் இருக்கும் காற்று. இரண்டாவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை. அமுங்கினால் துள்ளும், துள்ளினால் மறுபடி அமுங்கும். கேட்க ஆளில்லாவிட்டால் கொம்தார் கோபுரம் வரைக்கும் ஆடிக்கொண்டே போகும். "போதும், உட்கார்" என்று அதை அடக்குபவன் மூன்றாவது காவல்காரன், அப்சர்பர். அது ஒரு குழாய். குழாய்க்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சின்னச் சின்னத் துளை போட்ட ஒரு தட்டு. தட்டு அசைய வேண்டுமானால் எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கி வழிவிட வேண்டும். எண்ணெய்க்கு அவசரம் பிடிக்காது. அந்தப் பிடிவாதத்தில்தான் துள்ளல் அடங்குகிறது. நாலாவது காவல்காரன் இருக்கையின் பஞ்சு.

ஈப்போ பல் டாக்டர் கார் அழகாகத் தெரியவேண்டும் என்று பெரிய ரிம் போட்டு, அதற்கு மேல் அப்பளம்போல் மெல்லிய டயர் மாட்டியிருந்தார். கார் தாழ்ந்து நிற்கவேண்டும் என்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிந்திருந்தார். ஆக முதல் காவல்காரன் பட்டினி, இரண்டாமவன் நொண்டி. இந்த இருவரின் வேலையையும் சேர்த்துச் செய்த அப்சர்பர் எண்ணெய் கக்கி உயிரை விட்டிருந்தது. பஞ்சு தனியாக என்ன செய்யும்? அடி நேரே புஷ்பராணியின் இடுப்புக்குப் போயிற்று.

"இங்க பாருங்க," என்றாள் அவள், காரிலிருந்து இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டே. "டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் கொஞ்ச நாள் இதுல குலுங்கினா எலும்பு விலகிடுமாம். தைப்பூசத்துக்குள்ள இத மனுஷன் உட்கார்ற மாதிரி பண்ணுங்க. இல்லன்னா எங்க அண்ணன்கிட்ட விட்டுருங்க. வித்துக் குடுத்துருவாரு."

அண்ணன் ஆனந்தராஜா அடுத்த நாளே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவசரமில்ல தம்பி," என்றார். அவசரமில்லை என்று சொல்லும் மனிதன் எதற்காக டயரை உதைத்துப் பார்க்கிறான்? வாங்க ஆள் ஏற்கெனவே பார்த்து வைத்துவிட்டார் என்று குலசேகரத்துக்குச் சந்தேகம்.

சரி, நல்ல டயர், முழு ஸ்பிரிங், புது அப்சர்பர் போட்டால் முடிந்தது என்று நினைத்துக் காப்புறுதி ஏஜெண்ட் அப்துல் அஜீஸிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனான்.

"ஸ்போர்ட்ஸ் காடியா? அப்ப சங்கத்துல கேளு லா," என்றார் அஜீஸ்.

"எந்தச் சங்கம் அண்ணே?"

"வேகக்கார்ச் சங்கம். ஸ்போர்ட்ஸ் காடியில கைய வச்சா கம்பெனி சந்தேகப்படும். சங்கம் சரின்னா கம்பெனியும் சரின்னு சொல்லும்."

"நான் வேகமா ஓட்டறதுக்கா மாத்தறேன்? கார் புதுசா வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கப் போறேன்."

"இப்ப இருக்கறதுலேர்ந்து மாத்தறதானே?" என்று அஜீஸ் பரிவோடு கேட்டார். "அப்ப மாத்தறதுதான்."

*

பினாங்கு வேகக்கார் உரிமையாளர் நலச் சங்கம் டத்தோ கெராமாட் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. செயலாளர் ராமசாமி குலசேகரத்தை உட்காரச் சொல்லாமல் நெடுநேரம் பார்த்தார்.

"காடிக்கு எத்தன கதவு?"

"ரெண்டு சார்."

"ஏன்?"

"வாங்கும்போதே ரெண்டுதான் இருந்துச்சு சார்."

"மத்த ரெண்டும் எங்கன்னு நீங்க கேக்கலையா?"

"இல்ல சார்."

"கேக்கணும்," என்றார் ராமசாமி. "சந்தேகம் இல்லாத ஆள் காடி வாங்கக்கூடாது. எதுக்கு டயர் மாத்தறீங்க? யாரு கூட ரேஸ்?"

"ரேஸ் இல்ல சார். வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." அப்படிச் சொன்ன இன்னொருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. "சரி, நீங்க எந்தக் கரை?"

"சுங்கை பினாங் சார்."

"அதில்ல. இடக்கரையா, வலக்கரையா?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சங்கம் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் ஒரு தண்ணீர்ப்பந்தல் போடும். எப்போதோ ஒரு வருஷம், பந்தலைச் சாலைக்கு இடப்பக்கம் போடுவதா வலப்பக்கம் போடுவதா என்று பேச்சு வந்தது. தலைவர் அம்பிகைபாகன் இடப்பக்கம் என்றார். துணைத்தலைவர் அர்ஜுனன் வலப்பக்கம் என்றார். கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசிப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இடப்பக்கம் பாதிப் பந்தல், அதில் மோர். வலப்பக்கம் பாதிப் பந்தல், அதில் ரோஸ் சர்பத். அரைப்பந்தலுக்கு இரண்டு கால்தான் என்பதால் இரண்டையும் நாள் முழுக்க ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் சண்டை நின்றது. அன்று முதல் சங்கத்தில் எந்த விவகாரம் வந்தாலும் அதே தீர்வுதான். இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி.

"நான் ரெண்டு பக்கமும் குடிப்பேன் சார்," என்றான் குலசேகரம்.

ராமசாமியின் கண்கள் சுருங்கின. அன்றிலிருந்து இரு அணிகளும் அவனை மற்ற அணியின் ஆள் என்று நினைத்தன.

தொழில்நுட்பக் குழு கூடியபோது குலசேகரம் கவனித்த முதல் விஷயம், மாடிக்குக் கீழே ஒரு வேகக்கார்கூட நிற்கவில்லை என்பது. தலைவருடையது பழைய மோரிஸ். துணைத்தலைவருடையது மளிகைச் சாமான் ஏற்றும் வேன். செயலாளர் சைக்கிளில் வந்திருந்தார். மெல்லக் கேட்டான்.

"வேகக்கார் வச்சிருக்கிறவன் குழுவுல இருந்தா பாரபட்சம் வந்துடும் தம்பி," என்றார் அம்பிகைபாகன். "அவனவன் காடியப் பத்தித்தான் யோசிப்பான். நாங்க யாரும் அதுல உட்கார்ந்ததுகூட இல்ல. அதனாலதான் எங்க தீர்ப்பு சுத்தமா இருக்கு."

பிறகு எழுந்து உரையாற்றினார். அம்பிகைபாகன் ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி. எழுந்து நின்றால் தமிழ் மாறிவிடும்.

"அன்பர்களே! சக்கரம் உருளக்கூடியது. உருளக்கூடிய எதையும் நாம் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். இந்தச் சங்கம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை எந்த உறுப்பினருக்கும் எந்த மாற்றத்தையும் நாம் அனுமதித்ததில்லை. அனுமதிக்காத டயர் வெடித்ததாக ஒரு புகார் உண்டா? அனுமதிக்காத ரிம் உடைந்ததாக ஒரு செய்தி உண்டா? இந்தச் சாதனையை வேறெந்தச் சங்கம் காட்ட முடியும்?"

கைதட்டினார்கள். குலசேகரமும் தட்டினான். தட்டாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள்.

"ஆனால் காலம் மாறுகிறது," என்று தலைவர் தொடர்ந்தார். "எனவே இந்த ஒரு காருக்குப் புதுச் சக்கரம் தரலாம். அகலமான டயர், மெல்லிய ஓரம், இரும்புபோன்ற ஸ்பிரிங். அதுவே ஆண்மை."

"அது எலும்ப உடைக்கும்," என்றார் அர்ஜுனன் எழுந்திராமலே. "உயரமான டயர் போடுங்க. என் வேனுக்குப் போட்டிருக்கேனே, அந்த மாதிரி. ஸ்பிரிங்கு பஞ்சு மாதிரி இருக்கணும். முட்டை ஏத்தினாலும் உடையாது."

"ஸ்போர்ட்ஸ் காடியில முட்டை ஏத்துவாங்களா ஐயா?" என்றார் தலைவர்.

"ஏத்தக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

குலசேகரம் எழுந்தான். பொறுமையாகச் சொன்னான். டயர் ஓரத்தில் இருக்கும் எண்களைச் சொன்னான். 185/70 R14 என்றால் டயரின் அகலம் நூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர், அந்த அகலத்தில் எழுபது விழுக்காடு அதன் ஓரத்தின் உயரம், பதினான்கு அங்குலம் ரிம். ஓரம் உயர உயர உள்ளே காற்று அதிகம், சொகுசு அதிகம், ஆனால் வளைவில் கார் சற்றுத் தள்ளாடும். ஓரம் குறையக் குறைய வளைவில் பிடி கூடும், குழியில் அடியும் கூடும். தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று போதும். முக்கியமானது ஒன்றே ஒன்று: நாலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அதைவிட முக்கியம் அப்சர்பர்.



"நாலும் பொருந்தணும்," என்று அர்ஜுனன் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "யார் பக்கம் பொருந்தணும்?"

"யார் பக்கமும் இல்ல சார். ஒன்னோட ஒன்னு."

"அதாவது ஒரு பக்கம் ஜெயிக்கணும், இன்னொரு பக்கம் தோக்கணும். யாரு தம்பி உங்கள அனுப்பினது?"

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. பந்தல் பிரித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. காருக்கு இரண்டு அச்சு. முன் அச்சு தலைவர் அணிக்கு, பின் அச்சு துணைத்தலைவர் அணிக்கு. முன்னால் தலைவர் சொன்ன டயரும் ஸ்பிரிங்கும், பின்னால் துணைத்தலைவர் சொன்ன டயரும் ஸ்பிரிங்கும். ஒருமனதாக நிறைவேறியது.

"அப்சர்பர்?" என்றான் குலசேகரம்.

அப்சர்பருக்காக இன்னொரு முறை சண்டை வந்தது. எந்த அணி விட்டுக்கொடுப்பது? ராமசாமிதான் வழி கண்டுபிடித்தார். "அப்சர்பர் நடுநிலையா இருக்கட்டும். பழசே இருக்கட்டும்."

ஆக, செத்துப்போயிருந்த அந்த ஒரே பொருளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று முடிவாயிற்று.

இதில் ஏதோ கமிஷன் இருக்கிறது என்று குலசேகரம் உறுதியாக நினைத்தான். தலைவருக்கு ஒரு டயர்க்கடை, துணைத்தலைவருக்கு வேறொன்று, அதுதானே உலகம்? கடை கடையாகப் போய் நோட்டம் பார்த்தான். "அவங்களா?" என்றார் ஒரு தவுக்கே, கடை முதலாளி. "வருவாங்க. பார்ப்பாங்க. டயர மோந்து பார்த்துட்டுப் போவாங்க. ஒரு நாளும் வாங்கினதில்ல." யாரும் யாரிடமும் எதுவும் வாங்கியிருக்கவில்லை. கூட்டத்துத் தேநீருக்குக்கூட அவரவர் கைக்காசு. மனமறிந்து, நேர்மையாக, நம்பிச் செய்திருக்கிறார்கள். இதை அறிந்தபோதுதான் குலசேகரத்துக்கு உண்மையான பயம் வந்தது. லஞ்சம் வாங்குகிறவர்களிடம் கொடுத்தாவது தப்பிக்கலாம்.

*

வேலை முடிந்து பட்டறையிலிருந்து வெளியே வந்த கார், தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடுபோல் நின்றது. முன்பக்கம் தரையோடு தரை. பின்பக்கம் வேன் டயர்மேல் எழும்பி வானத்தைப் பார்த்தது.

மறுநாள் காலை புஷ்பராணி ஏறி உட்கார்ந்தாள். பாலத்தின் தளங்கள் சேரும் முதல் இணைப்பு வந்தது. முன்சக்கரம் சுத்தியலால் அடித்ததுபோல் ஓர் அடி. உடனே பின்சக்கரம் அதே இணைப்பில் ஏறி மெத்தென்று அமுங்கி எழுந்தது, அமுங்கி எழுந்தது, தடுக்க அப்சர்பர் இல்லாததால் ஓயாமல் அமுங்கி எழுந்தது. அந்தத் தாலாட்டு அடங்குமுன் அடுத்த இணைப்பு வந்தது. மறுபடி சுத்தியல்.

கரையேறும்வரை புஷ்பராணி கதவைப் பிடித்துக்கொண்டே வந்தாள். புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, "இன்னிக்கே அண்ணன்கிட்ட சொல்லிடறேன்," என்றாள்.

"தைப்பூசம் வரைக்கும்னு சொன்ன இல்ல? இன்னும் நாள் இருக்கு ராணி."

"நாள் இருக்கு. எனக்கு இடுப்புதான் இல்ல."

குலசேகரம் சங்கத்துக்கு ஓடிப் புகார் சொன்னான். புகாரை விசாரிக்கச் சங்கம் ஒரு தனிக் குழு அமைத்தது. தலைவர் அணி முன்சக்கரங்களைச் சோதித்துக் குறையில்லை என்றது. துணைத்தலைவர் அணி பின்சக்கரங்களைச் சோதித்துக் குறையில்லை என்றது. அப்சர்பரை நடுநிலை காரணமாக யாரும் சோதிக்கவில்லை. இருந்தும் வலி இருக்கிறது. எனில் வலி எங்கிருந்து வருகிறது? ராமசாமி தீர்ப்பை வாசித்தார்.

"முன் அச்சு சங்கம் ஒப்புக்கொண்டது. பின் அச்சு சங்கம் ஒப்புக்கொண்டது. காரில் சங்கத்தின் ஒப்புதல் பெறாமல் இருப்பது பயணியின் இடுப்பு ஒன்றே. ஆகவே மேற்படி இடுப்பைத் தொழில்நுட்பக் குழுவின் முன் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும்."

இதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று குலசேகரம் மாடிப்படியில் நின்று நெடுநேரம் யோசித்தான். கடைசியில் அப்படியே சொன்னான்.

புஷ்பராணி அடுப்பை அணைத்தாள். "எப்ப வரணுமாம்?"

"நீ வர வேணாம் ராணி. நான் ஏதாச்சும் சொல்லி..."

"கூப்பிட்டிருக்காங்க இல்ல? போகலன்னா மரியாதையா இருக்காது."

அந்த மரியாதை என்ற சொல்லைக் குலசேகரம் சந்தேகப்பட்டான்.

*

ஞாயிறு காலை. புஷ்பராணி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, சங்கத்து மாடிக்குக் கீழேயே நின்று, எல்லாரையும் இறங்கி வரச் சொன்னாள்.

"வணக்கம் தலைவரே. இடுப்பக் கொண்டாந்திருக்கேன். ஆனா பாருங்க, ஒன்ன மட்டும் பார்த்தா எது சரி எது தப்புன்னு எப்படித் தெரியும்? சங்கத்தோட இடுப்பு ஒன்னு வேணும் இல்ல, ஒப்பிட்டுப் பார்க்க?"

அம்பிகைபாகன் சிந்தித்தார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"தலைவர் முன்னால உட்காரட்டும். துணைத்தலைவர் பின்னால. நான் ஓட்டறேன்."

முன் அச்சு தலைவருடையது என்பதால் அவர் மறுக்க முடியவில்லை. பின் அச்சு துணைத்தலைவருடையது என்பதால் அவரும் மறுக்க முடியவில்லை. இரண்டு கதவுக் காரின் பின்னிருக்கை என்பது இருக்கை என்று பெயர் வைக்கப்பட்ட ஓர் இடுக்கு. அர்ஜுனன் அதற்குள் மடிந்து, முழங்கால்கள் காதைத் தொட உட்கார்ந்தார். பக்கத்தில் குலசேகரம். சாட்சியாக ராமசாமி சைக்கிளில் பின்தொடர்ந்தார்.

புஷ்பராணி காரை மெதுவாகத்தான் ஓட்டினாள். எங்கேயோ தண்ணீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய சாலையாகப் பார்த்துத் திரும்பினாள்.

டம்.

"சுகமா இருக்கா தலைவரே?"

அம்பிகைபாகனின் பற்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் பின்னிருக்கை வரை கேட்டது. "முன்பக்கம்... மிகச் சுகம். பின்னாலதான் ஏதோ ஆட்டம் இருக்கு."

"துணைத்தலைவரே, உங்களுக்கு?"

அர்ஜுனனின் தலை கூரையில் இடித்து இறங்கியது, இடித்து இறங்கியது. "பின்னால மெத்தை மாதிரி இருக்கும்மா. முன்னாலதான் அடி பலமா கேட்டுச்சு."

"அப்ப ரெண்டு பேருக்கும் சுகம். நல்லது. இன்னொரு ரவுண்டு போலாம்."

போனார்கள். தண்ணீர்மலைச் சாலையில் போகும்போது தலைவர் இடப்பக்கமும் துணைத்தலைவர் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டார்கள். வேகத்தடை வந்தது. தலைவர் ஒருவித ஒலி எழுப்பினார். அது சொல் அல்ல.

"என்ன தலைவரே?"

"பாடறேன்மா."

"பாடுங்க, பாடுங்க. நல்ல ரோடுதானே."

இன்னொரு சுற்று. துணைத்தலைவரின் முகம் வியர்த்து வெளுத்துவிட்டது. குலசேகரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எதிர் அணியின் ஆள் என்று சந்தேகித்த அந்தக் கையை அவர் விடவேயில்லை.

"வலி இருந்தா சொல்லிடுங்க துணைத்தலைவரே," என்றாள் புஷ்பராணி கண்ணாடியில் பார்த்து. "நிறுத்திடறேன். பின் அச்சு சரியில்லன்னு சொன்னாப் போதும்."

"பின் அச்சு... தங்கம்."

"முன் அச்சு தலைவரே?"

"வைரம்," என்றார் அம்பிகைபாகன். கண்ணோரம் நீர் வழிந்தது.

குழிகளைக் கடக்கும் வேகத்தில் கார் ஊர்ந்தது. பின்னால் வந்த ராமசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மணியடித்து இரண்டாம் தடவையாக முந்திப் போனார். அடுத்த முக்கில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கரும்புச்சாறு குடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஊருக்குள்ள இவ்வளவுதான்," என்றாள் புஷ்பராணி. "இனி பாலம். அங்க வரிசையா இணைப்பு வரும், தாளம் போட்ட மாதிரி. போய்ட்டுத் திரும்பி வந்தா..."

"நிறுத்தும்மா!" என்றார் தலைவர். "ஒரு... ஒரு தொழில்நுட்பச் சந்தேகம்."

காத்திருந்த ராமசாமியின் பக்கத்தில் கார் நின்றது. அம்பிகைபாகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல், உட்கார்ந்த நிலையிலேயே சபைக்குரலுக்கு மாறினார்.

"வேகக்கார் என்றால் என்ன? வேகமாகப் போவது. செயலாளரே! நீங்கள் சைக்கிளில் இந்தக் காரை முந்தினீர்களா?"

"முந்தினேன் ஐயா," என்றார் ராமசாமி, வாயைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு தடவ."

"சைக்கிள் முந்தக்கூடிய ஒன்று வேகக்கார் ஆகுமா?"

"ஆகாது ஐயா."

"எனவே இது வேகக்கார் அல்ல. வேகக்கார் அல்லாத ஒன்றின் சக்கரத்தைப் பற்றிப் பேச இந்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. நமது இரு அணிகளின் மாண்பும் காப்பாற்றப்படுகிறது."

பின்னிருக்கை இடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "வழிமொழிகிறேன்!" பந்தல் பிளந்த நாளுக்குப் பிறகு அர்ஜுனன் தலைவரை வழிமொழிந்தது அதுவே முதல் தடவை.

"குலசேகரம்," என்றார் தலைவர். "உரிமையாளர் ஒத்துக்கணும். உங்க காடி வேகக்கார் இல்ல. சரிதானே?"

குலசேகரம் முன்னிருக்கையின் முதுகைத் தடவினான். ஈப்போவிலிருந்து முதல் நாள் அதை ஓட்டி வந்தபோது, மலைப்பாதை வளைவுகளில் அது அவன் நினைப்பதற்கு முன்பே திரும்பியதை எண்ணினான். "சார், இந்த எஞ்சின் ஒருதரம் ஆறாயிரம் சுத்து..." என்று தொடங்கினான்.

முன்னிருக்கையிலிருந்து புஷ்பராணி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஆமா சார்," என்றான் குலசேகரம். "சாதா காடிதான். பசாருக்குப் போய்வர வச்சிருக்கேன்."

தலைவரை இறக்கும்போது அவர் இடுப்பை இடப்பக்கமாகத் திருப்புவதா வலப்பக்கமாகத் திருப்புவதா என்று ஒரு சின்னப் பேச்சு எழுந்தது. அதையும் பாதிப் பாதியாகத் தீர்த்தார்கள். அந்தத் தீர்வில் அவர் கத்தியது சாலையின் இரு பக்கமும் கேட்டது.

அடுத்த வாரம் நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவில் டயர், கார் பிறந்தபோது இருந்த உயரத்துக்கு ஸ்பிரிங், நாலு புது அப்சர்பர். ஸ்போர்ட்ஸ் காடியே இல்லை என்றதும் அப்துல் அஜீஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு முன்தினம் ஆனந்தராஜா வந்தார். கூட ஒருவரை அழைத்து வந்திருந்தார். இருவரும் காரில் ஏறி, ஒரு சுற்றுப் போய், இறங்கினார்கள்.

"விக்கிறதா இல்ல அண்ணா," என்றாள் புஷ்பராணி.

கூட வந்தவர்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

விஷயம் தீவு முழுக்கப் பரவிற்று. இரண்டு கதவுக் கார் வைத்திருந்த ஒவ்வொருவரும் அம்பிகைபாகன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "தலைவரே, ஒரு ரவுண்டு வாங்களேன், சங்கத்து இடுப்பு ஒன்னு வேணும்," என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். தலைவர் ஏறாமலே தீர்ப்புச் சொல்லப் பழகினார். பார்த்தவுடனே, வாசலில் நின்றபடியே, "வேகக்கார் இல்ல, போய்வாங்க."

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் இடுப்புப்பட்டையோடு மெல்ல எழுந்தார்.

"அன்பர்களே! இன்று இந்தப் பினாங்குத் தீவில் ஒரு வேகக்கார்கூட இல்லை. எனவே வேகக்காரால் ஒரு விபத்தும் இல்லை. நம் சங்கம் தோன்றிய நோக்கம் முழுமையாக நிறைவேறியது."

கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், "அப்ப சங்கத்தைக் கலைச்சிடலாமா ஐயா?"

"ஏன்?" என்றார் அம்பிகைபாகன் உண்மையாகவே வியந்து. "இப்பத்தானே வேலை சுமுகமா நடக்குது."

குலசேகரம் படியிறங்கி வந்தான். டத்தோ கெராமாட் சாலை நெடுகச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, வேகக்கார் அல்லாத கார்கள் வரிசையாக நின்றன. கடைசியில் அவனுடையது. புஷ்பராணி ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த கூட்டத்துல நம்மகிட்ட இருக்கறது காடியே இல்லன்னு சொல்லிடுவாங்க போல."

"சொல்லட்டும். ஏறுங்க."

கடற்கரைச் சாலைக்கு வந்தார்கள். ஞாயிறு மாலை, நேர்கோடு போட்டதுபோல் காலிச்சாலை. முன்னால் எதுவும் வருகிறதா என்று புஷ்பராணி பார்த்தாள். செயலாளர் சைக்கிளில் வருகிறாரா என்று குலசேகரம் திரும்பிப் பார்த்தான். இல்லை.

"மிதி," என்றான்.